பெரிய மனசு பண்ணச் சொல்பவர்களுக்கு

மனம் நொந்து நிற்கும் ஒருவரிடம் போய், ‘பெரிய மனசு பண்ணி விட்டுடேன்’ என்று சொல்வதை நம்மில் பலர் உதவி என்றே நம்புகிறோம். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வீட்டில் சண்டை நீளக் கூடாது, அலுவலகத்தில் வேலை கெடக் கூடாது, இரண்டு பேரும் வேண்டியவர்கள், ஒருவர் பக்கம் நின்றால் இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஏதோ ஒரு காரணம் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் ஒரே திசையில்தான் போகிறது. தவறு செய்தவரிடம் போய், ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று கேட்பது எல்லோருக்கும் சங்கடம். அடி வாங்கியவரிடம் விட்டுக்கொடுக்கச் சொல்வது சுலபம், ஏனென்றால் அவர் ஏற்கெனவே குனிந்துதான் இருக்கிறார். இது பல ஆண்டுகளாக என்னை உறுத்தும் விஷயம். மன்னிப்பு வேண்டாம் என்பவள் இல்லை நான். அது நடந்தபோது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதை அனுபவித்தவள். அந்த விடுதலைக்கும், சுற்றி இருந்தவர்கள் என்னைச் செய்யச் சொன்ன காரியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்த ஒரு மூத்தவர் இருந்தார். சார் என்றே சொல்கிறேன். கொட்டேஷன் தயாரிப்பது, வாடிக்கையாளர் கடிதத்தில் எழுதாமல் விட்டது என்னவென்று தேடுவது, கோபமாக இருக்கும்போது மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பாமல் இருப்பது, எல்லாம் அவரிடம் கற்றவை. ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கான கொட்டேஷனில், அனுப்புவதற்குச் சற்று முன்னால், ஒரு பகுதியின் விலையைக் குறைத்துப் போடச் சொன்னார். வாய்வார்த்தையாகத்தான். “கையைக் கடிக்குமே சார்” என்றேன். “நான் பாத்துக்கறேன்ம்மா, நீ போடு” என்றார். போட்டேன். ஒப்பந்தம் கிடைத்தது, பின்னாலேயே நட்டமும் வந்தது. மேலிடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விசாரித்தார்கள். இந்த விலை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது சார் மேசையைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பகுதியை அவங்கதான் தயார் பண்ணாங்க” என்றார். அதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. தயாரித்தது நான்தான். அவர் இன்னொரு வரி சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மீட்டிங் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

பிறகு நடந்ததை விரித்துச் சொல்லத் தேவையில்லை. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், கொஞ்ச காலத்தில் நானே வேலையை விட்டேன். வேறு இடத்தில் நன்றாகவே வளர்ந்தேன். ஆனால் அவர் பெயர் பேச்சில் வந்தால் போதும், அடிவயிற்றில் ஏதோ இறுகும். நண்பர்கள், உறவினர்கள், பழைய சகாக்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். ‘அவர்தானே உன்னை ஆளாக்கினார்’, ‘வயசுல பெரியவர்’, ‘போனது போகட்டும்’. நானும் தலையாட்டி, ‘எப்பவோ மன்னிச்சாச்சு’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். அப்படிச் சொன்னதில் ஒரு நிஜமும் இருந்தது. அவருக்குக் கெடுதல் நினைத்ததில்லை. பழிவாங்க வாய்ப்பு வந்தும் விலகிப் போயிருக்கிறேன்.

எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் மன்னிப்பையே தன் ஆய்வுத் துறையாகக் கொண்டவர். 1996 புத்தாண்டுக் காலையில் அவருடைய தாயார், வீட்டுக்குள் திருட வந்த ஒருவரால் கொல்லப்பட்டுக் கிடந்தார். தான் ஆராய்ந்துகொண்டிருந்ததை அவரே வாழ்ந்து பார்க்க வேண்டிய நிலை. அவர் இரண்டு விதமான மன்னிப்பைப் பிரித்துக் காட்டுகிறார். ‘இவருக்கு நான் தீங்கு செய்ய மாட்டேன், மனிதராகவே நடத்துவேன்’ என்று முடிவெடுப்பது ஒன்று. மனத்தில் இருக்கும் கசப்பு மெல்ல மாறி, அந்த இடத்தில் பரிவு வருவது இன்னொன்று. முதலாவது ஒரு நொடியில் நடக்கலாம், இரண்டாவதை அப்படி உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதில் நின்றுகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களைக் காயப்படுத்தியவரை நினைத்து மனத்துக்குள் பொருமச் சொன்னபோது, பரிவோடு நினைக்கச் சொன்னதைவிட ஆட்களின் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின, புருவத் தசை இறுகியது. வாய் என்ன சொன்னாலும் உடம்பு தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது. என் அடிவயிறும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அவர் சொன்ன கதை

பழைய அலுவலக நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்காக எல்லோரும் கூடிய இடத்தில் சாரும் இருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது, நடை தளர்ந்திருந்தது. இளைஞர்கள் சிலர் அவரைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு அவர்களிடம் திரும்பி, “ஒரு கொட்டேஷன்ல சொதப்பி, நானும் இவங்களும் சேர்ந்து வாங்கின திட்டு இருக்கே, இந்த ஜென்மத்துக்கு மறக்காது!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்த பார்வையில், பழைய போர்க்களத்தில் கூட நின்றவரைப் பார்க்கும் பிரியம்தான் இருந்தது.

நானும் இவங்களும் சேர்ந்து. அதைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. இத்தனை காலம் நான் மனத்தில் வைத்திருந்த மனிதர் இரண்டே விதமாகத்தான் இருக்க முடியும் என்று நினைத்திருந்தேன். ஒன்று, செய்ததை நினைத்து உள்ளுக்குள் கூசுகிறவர். இல்லையென்றால், தெரிந்தே செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். எதிரே உட்கார்ந்திருந்தவர் இரண்டுமாக இல்லை. அவருடைய நினைவில் அந்த அறையில் நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் இருந்தோம். நான் எந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேனோ, அந்த வரி விடுபட்டதே அவர் கதையில் இல்லை. அப்படியென்றால் அவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. மனம் இல்லாததால் அல்ல, வருத்தப்பட அவரிடம் எதுவுமே இல்லாததால்.

கூட்டம் கலைந்த பிறகு வண்டிக்காகக் காத்திருந்த அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “சார், அன்னைக்கு அந்த மீட்டிங்ல நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். யோசித்தார். “என்ன சொன்னேன்?” அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். குரல் உயராமல் சொல்ல முடிந்தது. “அப்படியா சொன்னேன்?” என்றார். கொஞ்சம் கழித்து, “நீதானேம்மா தயார் பண்ணே” என்றார். “விலையைக் குறைக்கச் சொன்னது யாரு சார்?” என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் என்னை அறியாமல் இன்னொரு கேள்வி வாயில் வந்துவிட்டது. “அன்னைக்கு உங்களுக்கு என்ன பயம் சார்?”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அந்த ஆண்டு ஆள்குறைப்புப் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் தன் பெயர் இருப்பதாக அவர் காதுக்கு வந்திருந்தது. அதே சமயம் அவர் மனைவிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. “உனக்கு வயசு இருந்துச்சு. இந்த வேலை போனா வேற கிடைக்கும். எனக்குக் கிடைக்காது. அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கேன் போல. இப்ப நீ கேக்கும்போதுதான் எனக்கே தெரியுது” என்றார். அப்புறம், “இதை இவ்வளவு நாளா மனசுல வச்சிருந்தியா?” என்று கேட்டார். வருத்தம் தெரிவிக்கும் சொல் எதுவும் வரவில்லை. வண்டி வந்தது. ஏறும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு கணக்கு

அந்த மாலைக்குப் பிறகு நான் தேடிப் படித்தவற்றில் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மனத்தில் தங்கிவிட்டது. ஒவ்வொருவரிடமும் இரண்டு கதை எழுதச் சொன்னார்கள். ஒருவர் உங்களைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று, நீங்கள் ஒருவரைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று. அதாவது நல்லவர்கள் ஒரு குழு, கெட்டவர்கள் ஒரு குழு என்று பிரிக்கவில்லை, எழுதியவர்கள் ஒரே ஆட்கள். ஆனால் கதைகள் அடியோடு வேறாக இருந்தன. தான் பாதிக்கப்பட்ட கதையில் அந்தச் சம்பவம் நீளமாக ஓடியது, பின்விளைவு இன்றுவரை தொடர்ந்தது, எதிராளி ஏன் அப்படிச் செய்தார் என்பது விளங்கவே இல்லை. தான் தவறு செய்த கதையில் அதே மாதிரிச் சம்பவம் சுருக்கமாக, எப்போதோ முடிந்துபோனதாக இருந்தது. செய்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது, அன்றைய சூழ்நிலை அப்படி, நீண்ட பாதிப்பு எதுவும் இல்லை. இதைப் படித்தபோது சாரின் சிரிப்பு கண்முன் வந்தது. அவர் ஏமாற்றவில்லை. தவறிழைத்தவரின் நினைவு சாதாரணமாக என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் விளங்குவதில்லை என்ற இடம். என் கசப்பை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது நட்டமோ அவமானமோ அல்ல. என்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தவரால் எப்படி அது முடிந்தது என்ற கேள்விதான். விடை தெரியாத கேள்வியை மனம் கீழே வைப்பதே இல்லை. அவர் சொன்ன பதில் அழகானதல்ல. சொல்லப்போனால் நான் நினைத்திருந்ததைவிட மோசம். வாய்தவறி வந்ததல்ல, தடுமாற்றத்தில் விட்டுப்போனதல்ல, கணக்குப் போட்டு என்னைக் கைவிட்டிருக்கிறார். அவர் செய்ததன் அளவு அன்று எனக்குக் கூடித்தான் தெரிந்தது. ஆனாலும் அடிவயிறு இறுகுவது நின்றுபோயிற்று. மனைவிக்கு என்ன ஆகுமோ, வேலை நிலைக்குமோ என்று யாரிடமும் சொல்லாமல் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் எனக்குத் தெரியத் தொடங்கினார். அவர்மேல் இரக்கம் வந்தது. தவறைச் சிறிதாக்காமலே அது வந்தது என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

இதை வைத்துத்தான், இரக்கம் என்பது மனத்தை முறுக்கிப் பிழிந்து வரவழைக்கும் நல்லெண்ணம் அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அது விவரங்களிலிருந்து பிறக்கிறது. என்ன நடந்தது, அன்று அவருக்கு என்ன தெரியும், எதற்குப் பயந்தார், வேறு வழி இருந்ததா, இருந்தும் ஏன் எடுக்கவில்லை. இவற்றைக் கேட்கவே விடாமல், ‘விட்டுடு’ என்று சொல்கிறவர்கள் மன்னிப்பின் பாதையைச் சுருக்கித் தருவதாக நினைக்கிறார்கள். அவர்கள் அடைப்பது அந்தப் பாதையைத்தான். நான் பல ஆண்டுகள் சாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணம், நான்தான் மன்னித்தாயிற்றே. மன்னித்தவர் போய்க் கேள்வி கேட்டால் அது குத்திக்காட்டல் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்.

யார் பெயரில்

எல்லோருக்கும் இப்படி ஒரு மாலை வாய்க்காது என்பது எனக்குத் தெரியும். சிலர் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார்கள். சிலர் இறந்துபோயிருப்பார்கள். சில தீங்குகள் இவ்வளவு சின்னவையும் அல்ல. என் அனுபவத்தை அவற்றின் பக்கத்தில் வைக்கக்கூட எனக்குத் தயக்கம். ஆனால் மிகப் பெரிய தீங்குகளைச் சந்தித்தவர்களிடமிருந்தும் ஒரு விஷயத்தைக் கற்றிருக்கிறேன்.

ஏவா மோசஸ் கோர் சிறுமியாக இருந்தபோது நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் தன் இரட்டைச் சகோதரி மிரியமோடு மருத்துவப் பரிசோதனைகளுக்கு ஆளாக்கப்பட்டவர். பெற்றோரையும் இரண்டு அக்காக்களையும் அங்கே இழந்தார். முகாம் விடுவிக்கப்பட்டதன் 50ஆம் ஆண்டான 1995இல் அங்கேயே நின்று, நாஜிகளை மன்னிப்பதாக அறிவித்தார். தன் பெயரில் மட்டுமே மன்னிப்பதாக அப்போதே தெளிவாகச் சொன்னார். 2015இல், அந்த முகாமில் பணியாற்றிய ஒஸ்கர் க்ரோனிங் மீது ஜெர்மனியில் வழக்கு நடந்தபோது சாட்சி சொல்லப் போனவர், அந்த முதியவரின் கையைப் பற்றினார். அதே வழக்கில் இணைந்திருந்த மற்ற பலர் அதை ஏற்கவில்லை. கொல்லப்பட்ட தங்கள் உறவினர்களின் சார்பில் மன்னிக்கத் தங்களுக்கு உரிமை இல்லை என்றார்கள். இவர்களில் யார் சரி என்று பலரோடு விவாதித்திருக்கிறேன். எனக்கு இருவருமே சரி. மன்னிப்பு அவரவர் பெயரில் மட்டுமே கொடுக்கக் கூடியது என்றால், கொடுக்காமல் இருப்பதும் அவரவர் உரிமைதான். கோரை உயர்த்திப் பிடித்து மற்றவர்களைச் சின்ன மனசுக்காரர்கள் ஆக்குவது, அவர்களை இரண்டாவது முறை காயப்படுத்துவது.

தென்னாப்பிரிக்காவில் 1996இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில், நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகள் தொடங்கியபோது உலகமே அதை மன்னிப்பின் பெரிய மேடையாகப் பார்த்தது. அங்கே பொதுமன்னிப்புக் கேட்டு வந்தவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். செய்தது அரசியல் நோக்கத்தோடு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், முழு உண்மையையும் சொல்ல வேண்டும். வருந்த வேண்டும் என்பது நிபந்தனையாக இல்லை. நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடி, காவலில் இருந்தபோது 1977இல் உயிரிழந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தினர் இதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனார்கள். நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்தக் குடும்பம் கேட்டதில் என்ன பிழை? நீதி வேண்டும் என்றார்கள். நாடு முழுவதும் பெரிய மனசு பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் இருக்கிறார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஆஸ்திரேலிய மிஷனரியான அவருடைய கணவர் கிரஹாமையும் இரண்டு மகன்களையும் வண்டியோடு வைத்து எரித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாகக் கிளாடிஸ் சொன்னார். தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்து அங்கேயே சில ஆண்டுகள் இருந்தார். வழக்கு அதன் வழியில் நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவருடைய மன்னிப்பு அந்த வழக்கைத் தடுக்கவில்லை, வழக்கு அவருடைய மன்னிப்பைக் குறைக்கவும் இல்லை. ‘மன்னிச்சாச்சுன்னா புகாரை வாபஸ் வாங்கு’ என்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

கையெழுத்துப் போடும் இடம்

மன்னித்தால் மனிதர் வளர்ந்துவிடுகிறார் என்று சொல்வார்கள். என்னிடம் மாறியது வேறு. எனக்கு இப்போது உடனே கேட்க வருகிறது. ஒரு மீட்டிங்கில் யாராவது பாதி உண்மையைச் சொன்னால், மீதியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று அங்கேயே, அமைதியாகக் கேட்கிறேன். என்னிடம் யாராவது மனக்குறையோடு வந்தால், முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். எதிர்த்தரப்புக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்பதை அவர்கள் பேசி முடிக்கும் முன்னால் நான் எடுப்பதில்லை. அது அவர்களாக வந்து சேர வேண்டிய இடம். முந்திக்கொண்டு நாம் சொன்னால் அது வக்காலத்தாகத்தான் அவர்கள் காதில் விழும்.

நம்பிக்கை என்பது இன்னொரு தனி விஷயம். எலி ஃபிங்கெல் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. தவறு செய்தவர் அதற்கு ஈடாக நடந்துகொண்டு, இனி மதிப்போடும் பாதுகாப்போடும் நடத்துவார் என்று உணர்த்தினால், மன்னித்தவருடைய சுயமரியாதை கூடியது. அப்படி எதுவும் செய்யாதவரைத் தொடர்ந்து மன்னித்தபோது அது குறைந்தது. திரும்பத் திரும்ப விட்டுக்கொடுத்த பிறகு தாங்கள் யார் என்றே தெரியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பெண்கள். அவர்களைச் சுற்றி நின்ற யாரும், ‘அவர் இன்னும் மாறவில்லையே’ என்று சொல்லவில்லை.

சார் இப்போது அவ்வப்போது போன் செய்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு யோசனையோடு கூப்பிட்டார். சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கொட்டேஷன், ஒப்பந்த வேலைகளில் ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றை நாம் இருவரும் சேர்ந்து தொடங்கலாமே என்றார். “எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க சார், என்ன உதவி வேணும்னாலும் செய்யறேன். ஆனா கூட்டா கையெழுத்துப் போடற வேலை மட்டும் நமக்குள்ள வேண்டாம்” என்றேன். “இன்னும் மனசுல வச்சிருக்கியாம்மா?” என்றார். “கோபம் இல்ல சார். ஆனா அதே மாதிரி ஒரு நெருக்கடி வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது” என்றேன். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சில வாரங்கள் அழைப்பு வரவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. பிறகு ஒருநாள், ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து புரியவில்லை என்று கூப்பிட்டார். இருவரும் வரிவரியாகப் படித்துப் பார்த்தோம். தொழிலை வேறொருவரோடு தொடங்கியிருக்கிறார், இரண்டு வாடிக்கையாளர்கள் கிடைத்திருக்கிறார்களாம்.